இரவு தங்க வந்தவர் எதை விட்டுச் செல்கிறார்?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஆய்வு நண்பர்கள் நால்வர் வாடகைக்கு ஒரு கேரவன் எடுத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து கோலார் மாவட்டத்தை நோக்கிப் புறப்பட்டோம். கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டிய வண்டிதான் தமிழ் வாசகர் பலருக்கும் நினைவில் எழும். நாங்கள் எடுத்தது அத்தனை ஆடம்பரமானதன்று. நான்கு படுக்கைகள், ஓர் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு கழிப்பறை, அவ்வளவே.

மாலையில், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். ஒருவரும் தடுக்கவில்லை. பெரியவர் ஒருவர் வந்து, கன்னடமும் தெலுங்கும் கலந்த கோலார்ப் பேச்சில், எங்கிருந்து வருகிறோம், சாப்பாடு ஆயிற்றா என்று விசாரித்தார். குடிநீர்க் குழாய் இருக்கும் இடத்தைக் காட்டினார். இரவில் நாய்கள் குரைக்கும், அஞ்ச வேண்டாம் என்று சொல்லிச் சென்றார். பெங்களூரில் பல ஆண்டுகளாகக் கேட்காத அமைதியில் உறங்கினோம்.

காலையில் வண்டியின் அடிக்குழாயைத் திறந்து, பாத்திரம் கழுவிய நீரையும் குளித்த நீரையும் சாலையோரக் கால்வாயில் விட்டோம். அது ஏரிக்கு மழைநீரைக் கொண்டுசேர்க்கும் வரத்துக்கால் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. எங்களில் ஒருவர் நீரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சோப்பு நுரை மெல்ல ஏரிப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தபோது அதே பெரியவர் வந்து பார்த்தார். அவர் கோபிக்கவில்லை. “உங்கள் ஊர்த் தண்ணீர்தான் ஏற்கெனவே எங்கள் ஏரிகளுக்குக் குழாயில் வருகிறதே, அய்யா. வண்டியிலும் ஏற்றிக்கொண்டு வரவேண்டுமா?” என்று மட்டும் கேட்டார்.

அவர் குறிப்பிட்டது கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தை. பெங்களூரின் கழிவுநீரை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் அளவில் கோலார்ப் பகுதியின் 126 ஏரிகளுக்கு அனுப்புவது அத்திட்டத்தின் இலக்கு. 2018 ஜூன் மாதத்தில் முதல் நீர் வந்து சேர்ந்தது. வறண்ட ஏரிகள் நிரம்பின, நிலத்தடி நீர் உயர்ந்தது என்று மகிழ்வோரும் உண்டு. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதாது என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த விவாதத்தில் நான் இங்கே நுழையவில்லை. நகரம் தன் கழிவைக் கிராமத்துக்கு அனுப்புகிறது. பின்னர் வார இறுதியில் அமைதியைத் தேடி அதே கிராமத்துக்குத் தானும் வருகிறது. பெரியவர் ஒற்றைக் கேள்வியில் இவ்விரண்டையும் இணைத்துவிட்டார். ஓரிரவு தங்க வரும் அயலார் ஓர் ஊரிலிருந்து எதைப் பெறுகிறார், எதை விட்டுச் செல்கிறார் என்பதே அக்கேள்வியின் உட்பொருள். கேரவன் சுற்றுலா பற்றிய நம் கொள்கைகள் இதற்கு விடை சொல்கின்றனவா என்று பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

திரும்பி வந்தபின், பிரான்சின் பிரிட்டானிப் பகுதியில் ரென் நகரில் பயிலும் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். அங்குள்ள சிற்றூர்கள் இதே சிக்கலை எவ்வாறு கையாள்கின்றன என்பதை அவள் விளக்கினாள். ஒரு தேவாலயம், ஒரு நகராட்சி மனை, ஒரு ரொட்டிக்கடை. இவற்றுக்குப் பின்னால் சரளைக்கல் பரப்பிய ஒரு சிறு திடல். அதுவே வீட்டுவண்டிகள் இரவு தங்கும் இடம். திடலின் ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தூண். அதில் குடிநீர் பிடித்துக்கொள்ளலாம். தரையில் இரும்புக் கம்பிவலை இட்ட வடிகால் ஒன்று இருக்கும். கழுவிய நீரை அதற்கு மேலே வண்டியை நிறுத்தி இறக்கிவிடலாம். கழிப்பறைப் பெட்டியைக் காலிசெய்யத் தனி வாய் உண்டு. பல ஊர்களில் கட்டணமே இல்லை. சில ஊர்களில் சில யூரோக்கள். ஓரிரண்டு நாள்களுக்கு மேல் தங்கக் கூடாது என்று ஒரு பலகை இருக்கும். காவலாளி இல்லை, வரவேற்பறை இல்லை.

இதில் என்னைக் கவர்ந்தவை இரண்டு. முதலாவது, சட்டத்தின் நுணுக்கம். பிரெஞ்சு வழக்கில் ‘நிறுத்துதல்’ வேறு, ‘முகாமிடுதல்’ வேறு. வண்டி தன் சக்கரங்களின் மேல் நின்று, உள்ளே மனிதர் உறங்கினால் அது நிறுத்தமே. போக்குவரத்து விதிகளுக்கு மட்டும் உட்பட்டது. மேசையும் நாற்காலியும் வெளியே வந்து, பந்தல் விரிந்தால் அது முகாம். அதற்குரிய விதிகள் வேறு. ஒரே இடத்தில் தொடர்ந்து ஏழு நாள்களுக்கு மேல் நிற்பது மிகைநிறுத்தம். எங்கே விருந்தாளி குடியேறியாகிறார் என்பதற்கு ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, உரிமை. இத்தகைய திடலைப் பெரும்பாலும் நடத்துவது ஊராட்சியே. பிரான்சில் ஏறத்தாழ 35,000 கம்யூன்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பல சில நூறு பேர் மட்டுமே வாழும் சிற்றூர்கள். இளைஞர் நகரம் சென்றுவிட்ட ஊரில் ரொட்டிக்கடை மூடப்படாமல் இருக்கவேண்டும் என்பது ஊர்மன்றத்தின் கவலை. வடிகாலையும் குழாயையும் அமைத்துக் கொடுத்தால், இரவு தங்கியவர் காலையில் இரண்டு ரொட்டியும் ஒரு பாலாடைக்கட்டியும் வாங்கிச் செல்வார் என்பது அவர்கள் கணக்கு. பெரிய கணக்கு அன்று. ஆயினும் அது ஊரின் கணக்கு.

இனி நம் பக்கம். தென்னிந்தியாவில் கேரவன் சுற்றுலாவுக்கென்று முழுமையான கொள்கையை அறிவித்து நடைமுறைக்கும் கொண்டுவந்தது கேரளம். ‘கேரவன் கேரளா’ என்னும் அத்திட்டம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. வண்டி வாங்கும் முதலீட்டாளர்களில் முதல் 100 பேருக்கு ஏழரை லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 விழுக்காடு, அடுத்த 100 பேருக்கு ஐந்து லட்சம் அல்லது 10 விழுக்காடு என்று மானியம் அறிவிக்கப்பட்டது. பூங்கா அமைக்கக் குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டிகளுக்கு இடமும் வேண்டும். கர்நாடகமும் தன் சுற்றுலாக் கொள்கையில் கேரவனுக்கு இடமளித்துள்ளது. பெங்களூரில் இன்று எளிதாக வாடகைக்கு வண்டி கிடைக்கிறது.

கேரளத்தின் முயற்சியைக் குறைகூறுவது எளிது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. மலைச்சரிவில் விடுதிக் கட்டடம் எழுப்புவதைவிட, வந்து போகும் வண்டிக்கு இடம் கொடுப்பது நிலத்துக்கு நல்லது. கழிவை எங்கே இறக்குவது என்ற கேள்விக்கும் பூங்காவுக்குள் விடை உண்டு. ஆனால் அடிப்படையில் அது முதலீட்டாளரை மையமாகக் கொண்ட கொள்கை. வேலிக்குள் பாதுகாப்பும் தூய்மையும் உண்டு. வேலிக்கு வெளியே ஊர் இருக்கிறது. பிரிட்டானியில் ஊரின் நடுவே ஒரு நிறுத்தம். இங்கே ஊருக்கு அருகே ஒரு பூங்கா. வண்டிகளுக்குத் தந்த மானியத்தில் ஒரு பங்கேனும், ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பொது வடிகாலுக்கும் குழாய்க்கும் சென்றிருந்தால், எங்களைப் போன்ற நால்வர் வரத்துக்காலில் நுரையை விட்டிருக்க மாட்டார்கள்.

மேலும் ஒரு கேள்வி. வண்டியிலேயே வாழ்ந்தபடி ஊர்சுற்றுவது நமக்குப் புதிதா? மேல்மருவத்தூருக்கும் சபரிமலைக்கும் செல்லும் பேருந்துகளைப் பாருங்கள். சமையற்காரர், அண்டா, அரிசி மூட்டை, காய்கறிக் கூடை எல்லாம் பேருந்திலேயே வரும். குளக்கரை கண்ட இடத்தில் நிறுத்தி, மூன்று கல் கூட்டி உலை வைப்பார்கள்; சாலையோரத்தில் வாழையிலை விரியும்; துணிகள் பேருந்துச் சன்னலில் காயும். என் சிறுவயது நினைவுகளில் பாதி இத்தகைய நிறுத்தங்களில்தான் இருக்கின்றன. இவர்களே இந்தியாவின் உண்மையான கேரவன் பயணிகள். எண்ணிக்கையில் எந்த வாடகைக் கேரவனும் இவர்களை நெருங்க முடியாது. எந்தச் சுற்றுலாக் கொள்கை இவர்களைக் கேரவன் பயணிகள் என்று அழைத்தது?

அழைக்காததன் விலையையும் கண்டோம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் உயிரிழந்தனர். லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்கள் அவர்கள், பெட்டியிலேயே தங்கியிருந்தார்கள். விதிக்கு மாறாகக் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையே காரணம் என்று ரயில்வே கூறியது. விதியை மீறியது தவறுதான். ஆயினும் பல நாள்கள் ஒரு பெட்டியில் வாழ்ந்து பயணம் செய்யும் முதியவர்கள், அது நிற்கும் இடத்தில் ஒரு தேநீருக்குப் பாதுகாப்பான அடுப்பு கிடைக்குமா என்று நாம் கேட்டதுண்டா? தடை மட்டும் இருந்து வசதி இல்லாத இடத்தில் உருளை மறைவாகப் பயணம் செய்யும்.

லாரி ஓட்டுநர்களின் நிலை இன்னும் வெளிப்படையானது. நம் நாட்டில் ஆண்டின் பெரும்பகுதியை வண்டியிலேயே கழிப்பவர்கள் அவர்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர்களுக்கென ஓய்வு வசதி கொண்ட 1,000 கட்டடங்கள் முதற்கட்டமாக அமைக்கப்படும் என்று 2024 பிப்ரவரியில்தான் அறிவிப்பு வந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் ஓட்டுநருக்கு நெடுஞ்சாலைத் துறை, பக்தருக்கு அறநிலையத் துறை, விடுமுறைப் பயணிக்குச் சுற்றுலாத் துறை என்று ஒரே தேவையை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறோம். மூவருக்கும் வேண்டியவை குடிநீர், கழிப்பறை, கழிவை இறக்க ஓரிடம், அச்சமின்றி உறங்க ஒரு நிழல்.

இத்தேவையைப் பிரிக்காமல் பார்த்த மரபு நம்மிடம் இருந்தது. தஞ்சை மராட்டியர் இராமேசுவரம் செல்லும் வழியில் கட்டிய சத்திரங்கள் அதன் சான்றுகள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. 1801-இல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய மடல், அச்சத்திரங்களில் வழிப்போக்கர்க்கு உணவும், நோயுற்றோர்க்கு மருத்துவமும், வழியில் பேறுகாலம் வந்த பெண்களுக்குப் பராமரிப்பும் அளிக்கப்பட்டதை விரிவாகச் சொல்கிறது. பெங்களூரிலேயே, ரயிலில் வந்து இறங்குவோர் தங்குவதற்காக 1897-இல் குப்பி தோட்டதப்பா அமைத்த அறச்சத்திரம் ரயில் நிலையத்தருகே உள்ளது. இவற்றைப் பொற்காலமாக்கிக் காட்டவேண்டாம். சத்திரத்துக்குள்ளும் சாதி இருந்தது; யார் எங்கே அமர்ந்து உண்பது என்பதில் பிரிவினை இருந்தது. ஆயினும் வழிப்போக்கர் தங்குவது வணிகமன்று, பொதுக்கடமை என்ற கருத்தும் அங்கிருந்தது. சுமைதாங்கிக் கல்லை நட்டவர் சுமப்பவரிடம் கட்டணம் கேட்கவில்லை.

சத்திரம் தருவதை மட்டும் பேசுகிறது. வந்தவர் விட்டுச் செல்வதைப் பேசும் மரபு ஒன்றும் நமக்கு உண்டு, அது ஆட்டுக்கிடை. இராமநாதபுரம் பகுதிக் கீதாரிகள் அறுவடை முடிந்த காலத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைக்கு வருவார்கள். இரவில் ஒரு விவசாயியின் வயலில் கிடை போடுவார்கள். ஆடுகளின் புழுக்கையும் சிறுநீரும் மண்ணுக்கு உரமாகும். விவசாயி நெல்லாகவோ பணமாகவோ கூலி தருவார். வட கர்நாடகத்தில் குறும்பர் சமூகத்து மேய்ப்பர்களும் இதையே செய்கிறார்கள். சற்றே எண்ணிப் பாருங்கள். இரவு தங்குபவர் கட்டணம் செலுத்தவில்லை, தங்கவைத்தவர்தான் செலுத்துகிறார். காரணம், விருந்தாளி விட்டுச் செல்லும் கழிவு ஊருக்குச் செல்வமாகிறது. எங்கள் கேரவனின் சோப்புநீரை அதனருகே வைத்துப் பார்த்தால் பெரியவரின் கேள்வியில் இருந்த நியாயம் விளங்கும்.

ஆனால் நகர்ந்து வாழ்பவரை ஊர்கள் எப்போதும் இவ்வாறு மதித்தன என்று சொல்ல முடியாது; அரசுகள் மதிக்கவே இல்லை. வீட்டுவண்டிக்குக் குழாய் நட்டுவைக்கும் அதே பிரான்ஸ், 1912-இல் ஒரு சட்டத்தின் மூலம் நாடோடிகளை உடலளவுகளும் கைரேகையும் புகைப்படமும் அடங்கிய ஓர் ஏட்டைச் சுமக்கச் செய்தது. தங்கும் ஊர்தோறும் அதில் முத்திரை பெறவேண்டும். 1969-இல் அது வேறு ஏடாக மாறியது; அந்த முறை முற்றிலும் ஒழிந்தது 2017-இல்தான். 5,000 பேருக்கு மேல் வாழும் கம்யூன்கள் நாடோடி மக்களின் வண்டிகளுக்குத் தங்குமிடம் அளிக்கவேண்டும் என்று 2000 ஜூலையில் சட்டம் வந்தும், பல ஊர்கள் அதை நிறைவேற்றத் தயங்கின. விடுமுறைக்கு வரும் ஓய்வூதியரின் வண்டிக்கு ஊர்நடுவே திடல். நாடோடியின் வண்டிக்குப் பெரும்பாலும் நெடுஞ்சாலைக்கும் குப்பைமேட்டுக்கும் அருகே ஓரிடம்.

நம் கதை இதனினும் கசப்பானது. 1871-இன் குற்றப்பரம்பரைச் சட்டம் அலைந்து வாழ்ந்த சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கியது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பொதிமாடுகளில் உப்பும் தானியமும் சுமந்து ஊர்களை இணைத்த கொறவர்களின் வணிகம், உப்புக் கொள்கையாலும் ரயில் பாதையாலும் எவ்வாறு நொறுங்கியது என்பதையும், பின்னர் அவர்களே எவ்வாறு ஐயத்துக்குரியவர்களாக்கப்பட்டனர் என்பதையும் மீனா ராதாகிருஷ்ணாவின் ஆய்வு காட்டியிருக்கிறது. சட்டம் 1952-இல் நீங்கியது, ஐயம் நீங்கவில்லை. ஒரு காலத்தில் படைகளுக்கே தானியம் சுமந்து சென்ற லம்பாணி மக்களின் தண்டாக்கள், தலைமுறைகளாக மக்கள் குடியிருந்தும், வருவாய் ஊர்களாக ஏற்கப்படாமல் இருந்தன. 2023 ஜனவரியில் கலபுரகி மாவட்டம் மல்கேட்டில் 50,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மனை உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டபோதுதான் வட கர்நாடகத் தண்டாக்கள் பல காகிதத்தில் ஊராயின.

எனவே கேரவன் சுற்றுலா வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. வீடின்றி நகர்வது சிலருக்குச் சுதந்திரம், சிலருக்குக் குற்றம். எங்கள் நால்வரிடமும் அந்த ஊரில் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. அதே புளியமரத்தடியில் பழைய துணிக் கூடாரமும் இரண்டு கழுதைகளும் கொண்ட ஒரு குடும்பம் தங்கியிருந்தால், அதே அன்பான வரவேற்பு கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கும் என்று நம்ப விரும்புகிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

என் வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளை அறிவேன். கிராம ஊராட்சிக்குப் பணமும் ஆளும் இல்லை. தெருவிளக்கையே பராமரிக்க இயலாதபோது வண்டிகளுக்குத் திடலா என்று கேட்கலாம். பெண்கள் மட்டும் பயணம் செய்யும்போது காவலும் விளக்கும் கொண்ட தனியார் பூங்காவே பாதுகாப்பு என்று தோழியர் சொல்வதிலும் உண்மையுண்டு. கேரவன் கழிப்பறைகளில் ஊற்றும் வேதிப்பொருள் சாதாரணக் கழிவுத்தொட்டியின் நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதால், வெறும் உறிஞ்சுகுழி போதாது என்பதும் உண்மையே.

இவற்றுக்கு விடையின் ஒரு பகுதி பெங்களூருக்கு அருகிலேயே இருக்கிறது. தேவனஹள்ளியில் 2015 முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இயங்குகிறது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து லாரியில் வரும் கசடு அங்கே பதப்படுத்தப்பட்டு, விவசாயிகளுக்கு உரமாகிறது. ஆட்டுக்கிடையின் அறிவைச் சிறுநகர அளவில் பொறியியலாக்கிய முயற்சி என்றே அதைச் சொல்வேன். இத்தகைய நிலையம் உள்ள ஊர்களோடு தங்குதிடல்களை இணைக்கலாம். வேதிப்பொருள் கலந்த கழிவுக்குத் தனித் தொட்டி வைக்கலாம். கேடு குறைந்த மாற்றுகளையே பயன்படுத்தவேண்டும் என்று வாடகை நிறுவனங்களுக்கு விதி செய்யலாம். வண்டிக்குத் தரும் மானியத்தைத் திடலுக்குத் திருப்பலாம். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிக்கெனப் பட்டியலிட்ட 29 பொருள்களுள் குடிநீரும் உண்டு, துப்புரவும் உண்டு. தங்குதிடல் என்பது இவ்விரண்டின் சேர்க்கைதான். கட்டணம் ஊராட்சிக்கே சேரவேண்டும். எங்களைப் போன்றோர் கூடுதலாகவும், பக்தர் பேருந்தும் லாரியும் குறைவாகவும், கூடாரத்தோடு வருவோர் ஒன்றும் தராமலும் தங்கலாம். எந்த வண்டி, எந்தச் சமூகம் என்று பாராமல் திடல் எல்லார்க்கும் திறந்திருக்கவேண்டும் என்பதை மட்டும் விதியிலேயே எழுதிவிட வேண்டும். ஊரின் நல்லெண்ணத்துக்கு விட்டால் அது சாதியின் எல்லையில் நின்றுவிடும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நகரியல் துறையில் நாம் குடியிருப்பவரையே அளக்கிறோம். ஓரிரவு தங்கிப் போகிறவரை அளப்பதில்லை. ஒரு நெடுஞ்சாலையின் ஐம்பது கிலோமீட்டரில் ஓரிரவில் எத்தனை பேர் வண்டிக்குள் உறங்குகிறார்கள், அவர்கள் எங்கே நீர் எடுக்கிறார்கள், எங்கே கழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் அதுவே நல்லதோர் ஆய்வேடாகும்.

அன்று நாங்கள் செய்தது இவ்வளவே. குழாயை மூடினோம். மண்வெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, கால்வாயில் தேங்கியிருந்த நுரைநீர் ஏரியை அடையாதபடி மண்ணணை இட்டோம். மிச்ச நீரைத் தொட்டியிலேயே சுமந்து பெங்களூர் கொண்டுவந்து இறக்கினோம். விடைபெறும்போது பெரியவர் ஒரு பையில் நான்கு மாங்காய் கொடுத்தார். பணம் கொடுக்க முயன்றபோது வாங்க மறுத்துவிட்டார். அங்கே இறக்கிய நீரும் ஒருநாள் குழாய் வழியாக அவருடைய ஏரிக்கே போய்ச் சேரக்கூடும் என்பது வீட்டுக்கு வந்து மாங்காயை நறுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.